பழுது இடம் மாறிவிட்டது

பால் மவுஸ் இருந்த காலத்தில் கர்சர் தடுமாறினால் காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மவுஸைக் கவிழ்த்து, அடியிலுள்ள வட்ட மூடியை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால், ரப்பர் பூசிய கனமான இரும்புக் குண்டு உள்ளங்கையில் விழும். அது இருந்த குழிக்குள் மூன்று உருளைகள் தெரியும். ஒன்று கர்சரின் மேல் கீழ் நகர்வை அளக்கும். இன்னொன்று பக்கவாட்டு நகர்வை அளக்கும். மூன்றாவது, ஸ்பிரிங் விசையால் குண்டை மற்ற இரண்டின் மேல் அழுத்திப் பிடிக்கும். அளக்கும் உருளைகளின் நடுவில் சாம்பல் நிற வளையம் ஒன்று படிந்திருக்கும். மேசைத் தூசி, கை வியர்வை, துணி நூல் எல்லாம் சேர்ந்து இறுகியது அது. நகத்தால் சுரண்டுவோம், நகம் போகாத இடத்துக்கு சேஃப்டி பின். குண்டைத் துணியால் துடைத்து உள்ளே போட்டு மூடியைத் திருகினால், கர்சர் மறுபடியும் சொன்னபடி கேட்கும்.

1990களிலும் 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளிலும் தமிழ்நாட்டின் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இது அன்றாட வேலை. “அண்ணே, இந்த மவுஸ் இழுக்குதுண்ணே” என்று ஒரு குரல் வரும். “கவுத்துக் குடு தம்பி” என்று பதில் வரும். கொஞ்ச நேரத்தில் மவுஸ் கைக்குத் திரும்பிவிடும். அன்று பழுது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் அதைச் சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கையும் சாதாரணப் பயனருக்கு இருந்தது.

இன்று அந்த மூடியும் இல்லை, குண்டும் இல்லை. ஆனால் மவுஸும் கீபோர்டும் மக்கர் செய்வது நின்றுவிடவில்லை. பழுது குடியிருக்கும் இடம் மாறிவிட்டது. வயர்லெஸ் அலையில், பேட்டரியில், விண்டோஸ் அமைப்பில், நேற்றிரவு வந்த அப்டேட்டில் அது போய் உட்கார்ந்திருக்கிறது. நாமோ இன்னும் பொருளைத்தான் தட்டிப் பார்க்கிறோம். அங்கே ஒன்றும் அகப்படாதபோது அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். இப்படிக் குப்பைக்குப் போகிறவற்றில் நல்ல நிலையில் உள்ளவையும் சேர்ந்தே போகின்றன. அந்த வீண் செலவைத் தடுக்க, பழுது எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தெரிந்திருந்தால் போதும்.

வயரும் போர்ட்டும்

அன்றைய மவுஸ் வயரின் நுனியில் ஒன்பது துளை கொண்ட சீரியல் பிளக் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரின் பின்னால் காம் 1 போர்ட்டில் செருகி, இரண்டு பக்கமும் திருகை முடுக்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கிய பிறகு, புதிய சிக்கல் ஒன்று சேர்ந்துகொண்டது. மோடம் காம் 3-இல் அமைந்துவிட்டால், அதுவும் காம் 1-இல் உள்ள மவுஸும் ஐஆர்கியூ 4 என்ற ஒரே வழியாகத்தான் ப்ராசசரைக் கூப்பிட வேண்டும். மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் கர்சர் அப்படியே நின்றுவிடும். உருளையை எத்தனை முறை சுரண்டினாலும் இது தீராது. மோடத்தை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் உடனே தீரும்.

ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த பிஎஸ்/2 போர்ட் இந்தத் தொல்லையிலிருந்து மவுஸை விடுவித்தது. பின்னாளில் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறமும் கொடுத்தார்கள். ஆனால் அந்த பிளக்கில் இருந்தவை ஆறு மெல்லிய பின்கள். மேசைக்கடியில் இருட்டில் திசை பார்க்காமல் அழுத்தினால் ஏதாவது ஒன்று மடங்கிவிடும். ட்வீசரால் பொறுமையாக நிமிர்த்த வேண்டும். கம்ப்யூட்டர் ஓடும்போது கழற்றி மாட்டினால் மதர்போர்டில் அந்த போர்ட்டுக்கான ஃபியூஸ் போகவும் வாய்ப்பு உண்டு. ‘ஷட்டவுன் பண்ணிட்டு மாட்டு’ என்பது அன்றைய சர்வீஸ் ஆட்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

1996-இல் முதல் வடிவம் கண்ட யூஎஸ்பி, ஓடும்போதே மாட்டலாம் கழற்றலாம் என்ற வசதியைத் தந்தது. கூடவே, எளிதில் கண்ணுக்குப் படாத பழுதுகளும் வந்தன. கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுக்கு உள்ளிருந்து வரும் வயர் தளர்ந்திருக்கும். ஒரே ஹப்பில் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் எல்லாம் தொங்கினால் கீபோர்டுக்குப் போய்ச்சேரும் மின்சாரம் குறையும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் சில போர்ட்களைத் தூங்கவைக்கும். மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்யும். ஆகவே முதல் சோதனை எளிது. மதர்போர்டிலேயே நேராகப் பதிந்துள்ள பின்பக்க போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் மவுஸ் நிரபராதி.

2015-க்குப் பிறகு வந்த பல மதர்போர்டுகளில் விண்டோஸ் 7 ஏற்ற முயன்றவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. பயாஸ் திரையில் ஓடிய கீபோர்டும் மவுஸும் இன்ஸ்டால் திரை வந்ததும் செத்துவிடும். அந்த போர்டுகளின் யூஎஸ்பி 3 கன்ட்ரோலருக்கு விண்டோஸ் 7-இல் டிரைவர் கிடையாது என்பதே காரணம். பழைய பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைத் தேடி எடுத்தவர்கள் தப்பித்தார்கள். 2025 அக்டோபரிலும் இதே கதை திரும்பியது. விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு, ரிக்கவரி திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் திருத்தம் வெளியிட்டது. நடுவில் கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து யாராவது புதிது வாங்கியிருந்தால், அதுவும் அங்கே வேலை செய்திருக்காது.

குண்டு போய் ஒளி வந்தது

1999-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் ஆப்டிகல் மவுஸைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடியில் சிவப்பு ஒளி. அதற்குள் விநாடிக்கு 1,500 படம் எடுக்கும் ஒரு சென்சார். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்று அது கணக்கிடும். சுரண்டும் வேலை அத்தோடு ஒழிந்தது.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மேசைப்பரப்பில் ஏதாவது சொரசொரப்பு வேண்டும். கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் சன்மைக்காவிலும் சென்சாருக்கு எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரிவதால் கர்சர் தாவும், இல்லையென்றால் அசையாது. சோதிக்க ஒரு வெள்ளை ஏ4 தாள் போதும். தாளின் மேல் மவுஸ் ஒழுங்காக ஓடினால் குறை மேசையில் இருக்கிறது. தாளிலும் கர்சர் நடுங்கினால் மவுஸைக் கவிழ்த்து லென்ஸ் துளையைப் பாருங்கள். ஒரு தலைமுடியோ நூலோ குறுக்கே கிடக்கும். ஊதினாலே போய்விடும்.

வயர் இல்லாத மவுஸுக்கு வந்தால் பழுது இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. சின்ன ரிசீவரோடு வரும் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு இரண்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்பதை இன்டெல் 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் திக்கினால் காரணம் இதுதான். ரிசீவரை ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேசை மேலே கொண்டுவந்தால் சரியாகிவிடும். கேபினெட்டின் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் அதை ஒளித்துவைப்பதையும் தவிர்க்கலாம்.

அடுத்து பேட்டரி. நாள்பட்ட அல்கலைன் செல் கசிந்து தகட்டில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். அது காரத்தன்மை உள்ளது. பஞ்சில் துளி எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரமில்லாமல் உலரவைத்தால் தகடு மறுபடி மின்சாரம் கடத்தும். மாதக்கணக்கில் தொடாத மவுஸிலிருந்து செல்லைக் கழற்றிவைத்தால் இந்த வேலையே வராது.

க்ளிக் செய்யும் தகடு

ஒளி வந்தும், வயர் போயும், மாறாத ஒரு பாகம் க்ளிக் பட்டன். அதன் அடியில் ஒரு சிறு மைக்ரோ ஸ்விட்ச். ஸ்விட்சுக்குள் வளைந்த செம்புத் தகடு. அழுத்தும்போது அது சட்டென்று கீழே தாவி இன்னொரு முனையைத் தொடும். பல லட்சம் முறை தாவியபின் தகடு தளரும், தொடும் முனையில் ஆக்சைடு படியும். ஒரு முறை தொட வேண்டிய இடத்தில் துள்ளித்துள்ளி இரண்டு முறை தொடும். ஒரே க்ளிக்கில் ஃபோல்டர் திறந்துகொள்வதும், இழுத்துக்கொண்டு போகும் கோப்பு பாதி வழியில் விழுந்துவிடுவதும் இதன் அறிகுறிகள்.

இந்த டபுள் க்ளிக் நோய்க்கு மருந்து சில ரூபாய் விலையுள்ள ஒரு ஸ்விட்ச். மவுஸின் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகளைப் பக்குவமாக உரித்தால் திருகு தெரியும். மூடியைத் திறந்து, பழைய ஸ்விட்சின் மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கி எடுத்து, புதியதைப் பற்றவைக்க வேண்டும். சால்டரிங் பழகியவருக்கு இது சின்ன வேலைதான். ஸ்விட்ச் கிடைக்காவிட்டால், அதிகம் தேயாத வலப்பக்க ஸ்விட்சை இடப்பக்கத்துக்கு மாற்றலாம். ஸ்க்ரோல் சக்கரம் கீழே உருட்டும்போது மேலே தாவினால், அதன் அச்சிலுள்ள என்கோடருக்குள் தூசி போயிருக்கும் அல்லது அது தேய்ந்திருக்கும். ஒரு துளி ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் விட்டுச் சக்கரத்தைப் பல முறை சுழற்றினால் தூசி மட்டும் காரணமாக இருந்தவை பிழைத்துவிடும்.

எழுத்து விழாத கீ

கீபோர்டில் நடந்த மாற்றம் வேறுவிதம். அரசு அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் ஒரு காலத்தில் பரவலாகப் புழங்கிய டிவிஎஸ் கோல்டு போன்ற மெக்கானிக்கல் கீபோர்டுகளில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உண்டு. தட்டச்சு இயந்திரத்தில் பழகி வந்த கனத்த விரல்களை அவை ஆண்டுக்கணக்கில் தாங்கின. ஒரு கீ போனால் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும்.

இன்று மேசைகளில் அதிகம் தென்படுவது விலை குறைந்த மெம்பிரேன் கீபோர்டு. பின்பக்கத் திருகுகளைக் கழற்றித் திறந்தால் அதற்குள் இருப்பது வியப்பாக இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள், அவ்வளவுதான். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி மையில் அச்சிட்ட கோடுகள் தறியில் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. நடுத்தாளில் கீ இருக்கும் இடங்களில் மட்டும் துளை. ரப்பர் குமிழ் அழுத்தும்போது அந்தத் துளை வழியே இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்கின்றன. எந்தக் கோடு எதைத் தொட்டது என்பதை வைத்து எழுத்து முடிவாகிறது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பழுதையும் வாசிக்கலாம். ஒரே ஒரு எழுத்து விழவில்லை என்றால் அந்த கீயின் அடியில் பிசுக்கு. தள்ளித்தள்ளி இருக்கும் நாலைந்து எழுத்துகள் ஒரே நேரத்தில் போனால் அவற்றை இணைக்கும் கோடு அறுந்திருக்கிறது. அல்லது அந்தத் தாளின் வால் சர்க்யூட் போர்டைத் தொடும் இடத்தில் அழுத்தம் தளர்ந்திருக்கிறது. அந்த இடத்தை மென்மையாகத் துடைத்து, திருகை ஒழுங்காக முடுக்கினாலே எழுத்துகள் கூட்டமாகத் திரும்பி வருவதுண்டு.

டீ கொட்டினால் முதல் நிமிடம் முக்கியம். வயரைப் பிடுங்கி, கீபோர்டைக் கவிழ்த்துவிட வேண்டும். சர்க்கரை இறங்கியிருந்தால் தாள்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். அப்படியே விட்டால் ஈரம் வெள்ளிக் கோட்டை அரித்துக் கறுப்பாக்கிவிடும். சில வாரங்கள் கழித்து காரணமே தெரியாமல் எழுத்துகள் உதிரத் தொடங்கும்.

லேப்டாப்பில் இந்தச் சுதந்திரமும் குறைந்துவிட்டது. பல மாடல்களில் கீபோர்டு மேல்மூடியோடு ரிவெட் அடித்து இணைந்தே வருகிறது. ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டில் ஒரு சிறு தூசி புகுந்தாலே எழுத்து இரட்டிப்பாகவோ விழாமலோ போனது. 2018 ஜூனில் அந்நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலிலிருந்து பழைய கத்தரி வகை அமைப்புக்கே திரும்பியது. 2022-இல் அமெரிக்க வழக்கொன்றில் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மெலிவுக்காகப் பழுதுநீக்கும் வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

டச்பேடைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் கர்சர் துள்ளினால் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். சார்ஜரைக் கழற்றியதும் கர்சர் அமைதியானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டச்பேட் மேலெழும்பியோ, க்ளிக் இறங்காமலோ இருந்தால் அடியிலுள்ள பேட்டரி வீங்கியிருக்கலாம். அந்த லேப்டாப்பை உடனே அணைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அழுத்திப் பார்ப்பதும் குத்துவதும் தீ விபத்தில் முடியும்.

அமைப்புக்குள் ஒளிந்த பழுது

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு ‘கீபோர்டு தப்பா அடிக்குது’ என்ற புகார் புதிதல்ல. அன்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விசை அமைப்பு. பாமினியில் பழகியவர் வேறு எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அடித்ததெல்லாம் வேறாக விழும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையை அறிவித்தது. 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அந்தக் குழப்பம் பெருமளவு தணிந்தது.

இன்று அந்த இடத்தை ஷார்ட்கட்கள் பிடித்துக்கொண்டன. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் கைதவறிச் சேர்ந்து அழுந்தினால் உள்ளீட்டு மொழி மாறிவிடும். பாஸ்வேர்டு தப்பு என்று திரை சொல்லிக்கொண்டே இருக்கும். வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் விழித்துக்கொள்ளும். அதன்பின் வேகமாக அடிக்கும் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கீபோர்டு செத்துவிட்டதாகவே தோன்றும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். சிறிய லேப்டாப்களில் நம்லாக் விழுந்துவிட்டால் எழுத்துக்குப் பதில் எண் விழும். இவை எதற்கும் திருப்புளி தேவையில்லை. மொழியையும் நம்லாக்கையும் அதே கீகளால் திருப்பிவிடலாம். மற்ற இரண்டையும் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து அணைத்தால் போதும். அங்கேயே உள்ள ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்தால், எது சிக்கிக்கொண்டிருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

சர்வீஸ் கடையும் குப்பைத்தொட்டியும்

அன்று மவுஸ் விலை அதிகம், உழைப்பின் விலை குறைவு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பழைய கீபோர்டைப் பிரித்துப் பாகம் எடுத்துத் தருபவர்கள் இருந்தார்கள். இன்று சில நூறு ரூபாய்க்குப் புதிய மவுஸ் கிடைக்கும்போது, அரை மணி நேரம் செலவழித்து ஸ்விட்ச் மாற்றச் சொன்னால் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தூக்கிப்போடும் பொருள் எங்கே போகிறது என்ற கேள்வி நம்முடையது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் கம்ப்யூட்டரை அதன் உள்ளீட்டுக் கருவிகளோடு சேர்த்தே பட்டியலிடுகின்றன. மவுஸும் கீபோர்டும் வீட்டுக் குப்பையோடு போகக்கூடாத பொருள்கள்.

பழுதைச் சும்மா பொறுத்துக்கொள்வதும் ஆபத்துதான். இ-சேவை மையத்தில் ஒரு முதியவரின் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் எண் இரட்டித்து விழுந்தால் அவருடைய உதவித்தொகை நின்றுபோகும். தேர்வு விண்ணப்பத்தில் பிறந்த தேதி பிசகினால் ஒரு பிள்ளையின் வருடம் வீணாகும். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்ததே இந்த மனிதர்களை நினைத்துத்தான்.

அன்றைக்கும் இன்றைக்கும் மாறாமல் இருப்பது சோதிக்கும் வரிசை. முதலில் வேறு போர்ட்டில் மாட்டுங்கள். பிறகு அதே மவுஸை வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கே ஓடினால் உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்பையும் டிரைவரையும் பாருங்கள். அங்கும் ஓடாவிட்டால் பேட்டரி, லென்ஸ், ஸ்விட்ச் என்று உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் இந்த வரிசையை ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு மவுஸ் போனதற்காக ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் லேபுகளில் அந்த ஒரு வகுப்பின் பயன் மறுநாளே தெரியும். அதோடு, வாங்கும்போது திருகால் மூடிய மவுஸா, ஸ்விட்சைக் கழற்றி மாற்றக்கூடிய கீபோர்டா என்று கேட்டு வாங்கும் பழக்கமும் நமக்கு வர வேண்டும். கேட்பவர்கள் பெருகினால் கடைகள் அவற்றை வாங்கி வைக்கும். கடைகள் கேட்டால் நிறுவனங்கள் திருகைத் திரும்பக் கொண்டுவரும்.